அழுகை ஆட்சேபணை ஆகாது

“புரியணும்னு அவசியம் இல்லேம்மா. மனப்பாடம் பண்ணிடு. நீ பாஸ் ஆனாலே உங்க ஜனங்களுக்கு அது பெரிசு.”

எங்கள் அரசியல் தத்துவ விரிவுரையாளர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அன்று பாடம் ஒரு பழைய ஆங்கிலேயத் தத்துவவாதியைப் பற்றியது. மனிதனுக்குப் பகுத்தறிவு இருக்கிறது, எல்லோரும் சமம் என்று அந்தப் பகுத்தறிவே சொல்கிறது, ஆகவே ஒருவனை அவன் சம்மதம் இல்லாமல் யாரும் ஆள முடியாது என்று அவர் எழுதியிருந்தார். எண்ணூர் ரயிலில் அதைப் படித்தபோது எனக்கு எழுந்து நிற்கலாம் போல இருந்தது. சில பக்கம் தள்ளி அவரே ஒரு கேள்வி போட்டுக்கொள்கிறார். என்னை யாரும் கேட்கவே இல்லையே என்று ஒருவன் சொன்னால்? நாட்டின் சாலையில் அவன் நடந்திருந்தால் போதும், வாய் திறக்காமலே சம்மதித்துவிட்டான் என்பது அவர் பதில்.

“ரோட்டில் நடக்காமல் எப்படி வீட்டுக்குப் போவது, மிஸ்?” என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. மயிலாப்பூரிலிருந்தும் திருவல்லிக்கேணியிலிருந்தும் வருகிற பெண்கள். என் கேள்வியை விட என் உச்சரிப்பு அவர்களுக்குச் சிரிப்பு. அதன் பிறகுதான் மனப்பாடம் பண்ணச் சொன்ன அந்த அறிவுரை.

எனக்குப் பாடம் புரியாமல் இல்லை. அந்த வகுப்பில் எனக்குத்தான் அது முழுதாகப் புரிந்தது என்று இன்றும் சொல்வேன். வாய் திறக்காத சம்மதம் என்றால் என்னவென்று மற்றவர்கள் புத்தகத்தில் படித்தார்கள். நான் அதைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்த்தவள்.

எங்கள் குப்பம் எர்ணாவூரைத் தாண்டி, எண்ணூருக்கு முன்னால், கடலை ஒட்டி இருக்கிறது. அங்கே பஞ்சாயத்து அம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் கூடும். கல்யாணமாகி ஊர் வரி கட்டுகிற ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகள் வட்டமாக உட்காருவார்கள். பெண்கள் கரையேற்றிய கட்டுமரங்களுக்குப் பின்னால் நின்று கேட்கலாம், பேசக்கூடாது. தலைவர் முடிவைச் சொன்னதும் கூவுகிறவர் எழுந்து, “ஆட்சேபணை கீறவங்க சொல்லலாம்” என்று மூன்று தடவை கூவுவார். மூன்றாவது கூவலுக்குப் பிறகும் யாரும் பேசாவிட்டால் ஊர் முழுவதும் சம்மதித்ததாக அர்த்தம். ஊர் முழுவதும் என்பதில் கட்டுமரத்துக்குப் பின்னால் நிற்பவர்களும் சேர்த்தி. பேசக்கூடாது என்று நிறுத்தப்பட்டவர்களின் மௌனமும் சம்மதக் கணக்கில் ஏறிவிடும்.

சின்ன வயதில் ஒரு முறை, “நீ ஏம்மா சொல்லல?” என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் தொடையைத் திருகிவிட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துக்கூட வராது. என்னைப் படிக்க வைத்தது அவருக்குப் பெருமை. நான் படித்ததை வீட்டில் பேசுவது மட்டும் பிடிக்காது. “படிச்சத காலேஜிலயே வெச்சிட்டு வா. செருப்ப வாசல்ல வுடற மாதிரி,” என்பார். அவரும் பஞ்சாயத்தில் ஒருவர்.

நான் பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கும்போது கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். குப்பத்துக்கு வடக்கே ஒரு தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாய்களை இறக்கி அடுக்க அவர்களுக்குக் கடற்கரையில் மேடான இடம் தேவைப்பட்டது. மேடான இடம் எங்களுக்கு ஒன்றுதான் உண்டு, கருவாட்டு மேடு. அலை ஏறாத மணல், மறைப்பில்லாத வெயில், நாள் முழுக்கக் காற்று. பெண்கள் நெத்திலியும் காரப்பொடியும் சென்னாக்குன்னி இறாலும் காயப்போடும் இடம். யாருக்கு எந்த இடம் என்பதை மாமியார் மருமகளுக்குக் காட்டிக் கொடுப்பாள். எல்லைக்கல் கிடையாது, தகராறும் கிடையாது. அம்மாவின் இடத்துக்குப் பக்கத்து இடம் ஒரு விதவை அத்தையுடையது. குப்பத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். சாவு இல்லாத நாட்களில் அந்தக் குரலை எங்களைத் திட்டுவதற்குப் பயன்படுத்துவாள்.

மேட்டைக் கொடுத்தால் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு வேலை என்று கம்பெனி சொன்னது. ஆண்கள் அன்றைக்கே கால்சட்டை போட்டுவிட்டார்கள், மனசுக்குள்.

“மாசா மாசம் சம்பளம்மே,” என்றார் அப்பா அம்மாவிடம். “பொயலு வந்தாலும் சம்பளம். மீனு இல்லாட்டியும் சம்பளம். கருவாட்ட நாறிக்கினு காய வெச்சி இன்னாத்த கண்ட நீ?”

“உன்ன கண்டேன். ஆடி மாசம் கடலுக்குப் போவாம குந்திக்கினு துன்ன பாரு, அந்தச் சோறு கருவாட்டுச் சோறு.”

“மேட்டுக்குச் சொந்தக்காரங்க காயப் போடறவங்கதானே? அவங்களக் கேட்டாங்களா?” என்றேன் நான்.

“பொம்பள புத்தி பின் புத்தி. அதுங்கள இன்னா கேக்கறது?” என்றார் அப்பா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கூரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்பாமீது கோபம் வந்தது. ஆனால் அவர் தனி ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வருடப் பாடத்தில் அவருக்கு ஏகப்பட்ட கூட்டாளிகள். அறிவைப் பயன்படுத்தத் துணிவு கொள் என்று உலகத்துக்கே சொன்ன ஜெர்மானியர் ஒருவர், பெண்களையும் வேலைக்காரர்களையும் வெறும் பெயருக்குக் குடிமக்கள் என்றார். சொந்தக்காலில் நிற்காதவர்களுக்கு ஓட்டு எதற்கு என்பது அவர் நியாயம். மனிதன் சுதந்திரமாகப் பிறந்தான் என்று எழுதிய பிரெஞ்சுக்காரர், ஆணைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்தால் பெண்ணுக்கு அந்தப் படிப்பே போதும் என்றார். பகுத்தறிவு எல்லோருக்கும் பொது என்று வாசலில் பலகை மாட்டிவிட்டு, உள்ளே ஆள் பார்த்து அனுப்புகிறார்கள். எங்கள் தலைவராவது பலகை மாட்டவில்லை. இவர்களை மேற்கத்திய ஞானத்தின் விளக்குகள் என்று எங்கள் விரிவுரையாளர் எழுதிப் போட்டார், நாங்களும் எழுதிக்கொண்டோம். அவரும் ஒரு பெண்தான். அந்த வரிகளை ஒரு முறைகூட நின்று படித்ததில்லை. பரீட்சைக்கு வராது என்பார்.

இத்தனைக்கும் அம்மா முதல் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டவள். திருவொற்றியூர்ப் பக்கத்து ஒரு பள்ளிக்கூடத்தில், வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வந்தாள். தில்லி அரசாங்கத்துக்கு அவள் ஒரு முழு ஆள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயில் மணலில் அவள் ஆளே இல்லை.

பஞ்சாயத்து கூடப்போகிறது என்றதும் நான் அம்மாவிடமும் மற்ற பெண்களிடமும் சொன்னேன். கூவுகிறவர் கூவும்போது யாராவது ஒருத்தி வட்டத்துக்குள் போய் ஆட்சேபணை உண்டு என்று சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன் என்றேன்.

அத்தை கையைத் தட்டிச் சிரித்தாள். “நீ உள்ள போனா உன்னப் பாப்பானுங்க. உன் பேச்ச எவன் கேப்பான்? தலைக்கட்டா நீ? தாலிகூட இல்ல.”

“அப்பொ சும்மா நிக்கறதா?”

“சும்மா ஏன் நிக்கறோம்? அயுவோம்.”

எங்கள் வழக்கத்தில், குப்பத்தில் ஒப்பாரிச் சத்தம் கேட்டால் நடந்துகொண்டிருக்கும் பஞ்சாயத்து அந்த இடத்திலேயே கலைய வேண்டும். சாவுக்கு முன்னால் பேச்சு கிடையாது. ஒப்பாரி வைக்கும் பெண்ணை எந்த ஆணும் அடக்கக்கூடாது. பெண்கள் அதைத்தான் யோசித்திருந்தார்கள். மூன்றாவது கூவலுக்கு முன்னால் மேட்டுக்காக ஒப்பாரி வைத்துவிட்டால் மௌனமே இருக்காது. மௌனம் இல்லாவிட்டால் சம்மதமும் இல்லை. தந்திரம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மிருகம் மாதிரி ஊளையிட்டுத்தான் நம் உரிமையைக் கேட்க வேண்டுமா என்றேன். அந்த வார்த்தைக்காக அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பஞ்சாயத்து நாளன்று வெயில் தணிந்திருந்தது. தலைவர் முடிவைச் சொன்னார். கூவுகிறவர் முதல் தடவை கூவினார், இரண்டாவது தடவை கூவினார். அத்தை தலைமுடியை அவிழ்த்தாள்.

“மாமியா காட்டுன மேடே… மணலெல்லாம் வெள்ளி மேடே… என்ன வுட்டுப் போனியா…”

கட்டுமரத்துக்குப் பின்னாலிருந்து அத்தனை பெண்களும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பொய்யழுகை என்று ஆரம்பித்தது சீக்கிரமே நிஜமாகிவிட்டது. அம்மா மணலில் விழுந்து புரண்டாள். தலைக்கட்டுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்கள். மூன்றாவது கூவல் கூவப்படவே இல்லை. நான் சொன்னது தப்பு என்று அன்று நினைத்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இப்ப இன்னா சொல்றே என்று இருந்தது.

ஆனால் அழுது முடித்தவர்கள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. கிணற்றுக்குப் போய்த் தலைக்குக் குளித்தார்கள். ஒருத்தியும் யோசித்துச் செய்யவில்லை. ஒப்பாரி வைத்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து கைகால் பழகிய வேலை. ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டு திரும்பினார்கள். தலைவர் கோயில் படியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் பஞ்சாயத்தைக் கூட்டவே இல்லை. தெருவில் நின்றே சொன்னார். “மேடு செத்துப் பூட்ச்சின்னு பொம்பளைங்களே அயுதாங்க. அயுதுட்டுத் தலைக்கும் ஊத்திக்கினாங்க. ஊரே பாத்துது. செத்தத எடுத்துட வேண்டியதுதான். இதுல ஆட்சேபணை எங்கேருந்து வந்துது?”

“நாங்க வேணாம்னு அயுதோம்,” என்றாள் அம்மா.

“வேணாம்னா வேணாம்னு சொல்லணும். அயுதா அயுததுதான்.”

“சொல்ல எங்க வுட்டே நீ?”

“அதுக்கு நான் இன்னா பண்றது? அது வயக்கம். புடிக்கலியா, வேற குப்பம் கீது, போ.”

நான் அங்கேயே நின்றிருந்தேன். அவர் அந்த ஆங்கிலேயரைப் படித்ததில்லை. இங்கே இருக்கிறாயா, அப்படியானால் சம்மதித்துவிட்டாய் என்று படிக்காமலே அவரை ஒப்பித்தார்.

இன்னும் மோசம், பெண்களே தலைவர் சொன்னதை நம்பினார்கள். அழுது, குளித்த பிறகு அந்த மேடு அவர்களுக்குச் சுடுகாடு. செத்த இடத்தில் சோற்றுக்கு வைக்கிறதை யார் காயப் போடுவார்கள்? மேட்டில் கிடந்த பழைய வலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மீனைக் கூரைமேலும் பாதையோரத்திலும் காயப் போட்டார்கள். பாதி அழுகியது. நாய் தின்றது போக மிஞ்சியது விலை போகவில்லை.

சில நாள் கழித்து வகுப்பில் கிரேக்கப் பாடம் வந்தது. முன்னே சொன்ன எல்லோருக்கும் மூத்த தத்துவவாதி ஒருவர் சொல்கிறார்: குரல் மிருகத்துக்கும் உண்டு, வலியையும் இன்பத்தையும் அது சொல்லும். மொழி மனிதனுக்கு மட்டும் உண்டு, அதுதான் நியாயம் எது, அநியாயம் எது என்று சொல்லும். மொழி உள்ளவர்கள் சேர்ந்து அமைப்பதுதான் அரசு. விரிவுரையாளர் இதை மிக அழகான கருத்து என்றார்.

மிருகம் மாதிரி என்று அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தையை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு கிழவர் சொல்லி வைத்திருக்கிறார். யாருடைய சத்தத்தை மொழி என்பது, யாருடையதைக் குரல் என்பது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று அவர் எழுதவில்லை. தீர்மானிப்பவர் அவர்தான், எழுத வேண்டிய அவசியம் இல்லை. நான் எழுந்து இதைக் கேட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“உட்காரு. பாடத்தை முடிக்கணும்,” என்றார் விரிவுரையாளர்.

நான் இந்தத் தத்துவவாதிகள் எல்லோரையும் வெறுக்கிறேன். ஆனால் இவர்கள் எழுதியதைத் தூக்கி எறிய மாட்டேன், அது எனக்கு வேண்டும். கெட்டவன் கொல்லையில் விளைந்த மரம் என்பதற்காகக் கட்டுமரம் மூழ்கிவிடாது. ஆளுகிறவன் ஆளப்படுகிறவனைக் கேட்க வேண்டும் என்று அவர்கள் ஒரு முறை எழுதிவிட்டார்கள். யாருக்காக எழுதினார்கள் என்பது இனி அவர்கள் கையில் இல்லை.

கடற்கரை சர்க்கார் புறம்போக்கு. பஞ்சாயத்தின் சொத்து இல்லை, கொடுக்கும் உரிமையும் அதற்கு இல்லை. இதைக் கல்லூரி நூலகத்தில் தெரிந்துகொண்டு தாசில்தாருக்கு மனு எழுதிப் போட்டேன். அவர் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். ஜனங்கள் அந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்களா என்பதுதான் விசாரணை. பயன்படுத்தினால் குத்தகைக்குக் கொடுக்க முடியாது, இல்லாவிட்டால் கம்பெனிக்குப் போகும்.

அப்பாவுக்குச் செய்தி எட்டியது. “மனு போட்டியா? எம் பொண்ணா நீ? நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு வட்டத்துல குந்துவேன்?”

“வட்டத்துல அம்மாவுக்கும் எடம் குடுங்க நைனா. ரெண்டு பேரும் ஒரே மூஞ்சோட குந்தலாம்.”

அவர் அறைந்தார். காலேஜ் இனி கிடையாது என்றார். அறை வலித்தது. காலேஜ் விஷயத்தில் எனக்குப் பயமில்லை, உதவிச் சம்பளம் என் பெயரில் வருகிறது.

நேற்றுக் காலை தாசில்தார் வருவதற்கு முன் நான் ஒரு கூடை நெத்திலி வாங்கினேன். எங்கள் கரையில் எனக்கு யாரும் விற்கவில்லை, காசிமேடு வரை போக வேண்டியிருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

“செத்த எடத்துல போடப் போறியா? எவளும் துன்ன மாட்டா.”

“நான் துன்றேன்.”

“உனக்கு மீனு ஒயுங்கா அலசக்கூடத் தெரியாது.”

உண்மைதான். சரியாக அலசாமல், உப்பு அதிகமாகப் போட்டு, அம்மாவின் இடத்தில் வலையை விரித்துப் பரப்பினேன். பெண்கள் தூரத்தில் கூடி நின்று பேசினார்கள். “பி.ஏ. கருவாடு பாருங்கடி,” என்றாள் அத்தை. காக்கைகளை நான் ஒருத்தியே விரட்டினேன்.

தாசில்தார் ஜீப்பில் வந்தார். தலைவரும் அப்பாவும் கம்பெனி மேஸ்திரியும் கூடவே நடந்தார்கள். அவர் என் நெத்திலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இங்கே காயப் போடுறது நீ ஒருத்திதானா?”

“எல்லாரும் போடுவாங்க சார். பயந்துகிட்டு நிக்கறாங்க. எனக்கு இதுல ஆட்சேபணை உண்டு. வாயாலயே சொல்றேன், எழுதிக்குங்க.”

“பொண்ணு படிச்சிட்டு இப்டி ஆயிட்ச்சி சார்,” என்றார் தலைவர். அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தி பயன்படுத்தினா அது பொது உபயோகம் ஆகாதும்மா,” என்றார் தாசில்தார். அவர் குரலிலும் அதே இரக்கம். அடுத்த வாரம் இன்னொரு முறை வந்து பார்ப்பதாகவும், அன்றைக்கும் இப்படியே இருந்தால் முடித்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மாலை அத்தையிடம் போய் ஒரு கூடையாவது போடு என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம், எனக்கு அது பழக்கமில்லை. செத்ததைக் கிளறாதே என்று கதவைச் சாத்தினாள். அவள் வராவிட்டால் மற்ற எவளும் வரமாட்டாள்.

இன்று காலை இரண்டு கூடை கொண்டுபோனேன். ஒன்றை அம்மாவின் இடத்தில் பரப்பினேன். இன்னொன்றை அத்தையின் இடத்தில், நட்டநடுவில், அவள் கண்ணில் படும்படி கொட்டி விரித்துவிட்டேன். அடுத்தவள் இடத்தில் மீன் போடுவது எங்கள் குப்பத்தில் யாரும் செய்யாத காரியம். அவள் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள். திட்டட்டும். அதற்கு அவள் மேட்டின் மேல் ஏறி வந்தாக வேண்டும்.